சனிக்கிழமை மொட்டை மாடியில் லாரல்–ஹார்டி

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை (14-ஆம் தேதி) மாலை 6.30-க்கு பி பிளாக் மொட்டை மாடியில் லாரல்–ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடி நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) திரையிடுகிறோம். அரை மணி நேரப் படம்தான். ஒரு பியானோவை 130-க்கும் மேற்பட்ட படிகளில் ஏற்ற இரண்டு பேர் படும் பாடு, அவ்வளவுதான் கதை. ஆஸ்கர் வாங்கிய படம். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலிஸில் இன்றும் இருக்கிறது.

1. பாயோ நாற்காலியோ கொண்டு வாருங்கள்.
2. வசனம் ஆங்கிலம். கவலை வேண்டாம், குட்டிப் பிள்ளைகளுக்கும் புரியும்.
3. எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். சுண்டல் கணக்குக்கு வேண்டும். கட்டைவிரல் மட்டும் போட்டால் சேராது.
4. புரொஜெக்டர் தூக்க 5.30-க்கு இருவர் தேவை. லிஃப்ட் பழுது, படியில்தான் ஏற்றணும். படத்தில் வருகிற மாதிரி வேண்டாம்!