துபாயாவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலேய மாலுமி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் முதல் கடற்பயணம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1768 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து புறப்பட்டது, பசிபிக் கடலில் உள்ள தாஹிட்டித் தீவில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்த்தது, பவளத்திட்டில் மோதிய எண்டெவர் கப்பலைப் பீரங்கிகளைக்கூடக் கடலில் தள்ளி மீட்டது என எல்லாமே விறுவிறுப்பாக இருந்தன. ஆனால் அந்த முழுப்பக்கத்தில் துபாயாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

துபாயா ராயாட்டியா தீவில் பிறந்த பூசாரி, கைதேர்ந்த மாலுமி. போரா போரா தீவுக்காரர்கள் படையெடுத்து வந்ததால் ஊரை விட்டுத் தாஹிட்டியில் தஞ்சம் புகுந்தவர். 1769 ஜூலையில் தையாட்டா என்ற சிறுவனோடு எண்டெவரில் ஏறினார். அவரைச் சேர்த்துக்கொள்ளக் குக் முதலில் தயங்கினார். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் செலவை ஏற்ற பிறகே சம்மதித்தார்.

சுற்றியுள்ள தீவுகளுக்குக் கப்பலைக் கூட்டிப்போனவர் துபாயாதான். எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கிறது, அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது, பறவைகள் எங்கே திரும்புகின்றன என்று பார்த்தே கடலோடிய மரபில் வந்தவர் அவர். 70-க்கும் மேற்பட்ட தீவுகளை வரைபடமாகக் குறித்துக் கொடுத்தார். மூலப்படம் தொலைந்துவிட்டது, நகல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் பயணம் செய்த பிறகும், எப்போது கேட்டாலும் தாஹிட்டி இருக்கும் திசையைச் சரியாகக் காட்டினாராம். அப்படிப்பட்டவர் கப்பலில் இருக்கும்போது, 'யாரும் அறியாத கடல்' என்று எப்படி எழுத முடியும்?

1769 அக்டோபரில் நியூசிலாந்தில் கால்வைத்த முதல் சில நாட்களிலேயே அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சிலர் குக்கின் ஆட்கள் சுட்டதில் இறந்தார்கள். கட்டுரையில் அதுவும் இல்லை. துபாயா பேசியது மாவோரிகளுக்குப் புரிந்தது. அப்புறம் பேச்சும் பண்டமாற்றும் நடந்தது அவர் வழியாகத்தான். மாவோரி ஒருவர் கையில் சிங்கி இறால், எதிரே நிற்கும் வெள்ளைக்காரர் கையில் துணி என்று ஓர் ஓவியம் உண்டு. அதை வரைந்தவர் துபாயா என்பது 1997-ல்தான், பேங்க்ஸ் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து தெரியவந்தது.

1770 டிசம்பரில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், தையாட்டாவும் சில நாள் கழித்துத் துபாயாவும் நோயில் இறந்துபோனார்கள். அடுத்த பயணத்தில் குக் நியூசிலாந்துக்குத் திரும்பியபோது, மாவோரிகள் துபாயா எங்கே என்று விசாரித்தார்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் மிளகுக் கொடிகளைத் தாங்கி நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் பூர்வீகம் கிழக்கு ஆஸ்திரேலியா. 1770-ல் எண்டெவர் ஓடியதும் அந்தக் கரையோரமாகத்தான். இந்த மரத்தைப் பற்றித் தேடும்போதுதான் துபாயா எனக்குத் தெரியவந்தார். இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னை 'ஏற்காட்டின் தந்தை' என்கிறோம். காப்பியைக் கொண்டுவந்த பெருமை அவருக்கு இருக்கட்டும். ஆனால் அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்து, சேர்வராயனுக்குத் திருவிழா எடுத்துவரும் மலையாளி எனப்படும் இந்த மலையின் பழங்குடிகளை எத்தனை கட்டுரைகள் சொல்கின்றன? இந்தக் குறை எங்கள் மலையிலும் இருப்பதால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

துபாயாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வரைபடத்தையும் சிங்கி இறால் ஓவியத்தையும் பெரிதாகவே போடுங்கள். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்