பிரமிடுக்குக் கல் ஏற்றியவரின் லோடு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எகிப்து பிரமிடு கட்டுரையில் படங்கள் அழகாக இருந்தன. எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ‘லட்சம் அடிமைகள்’, ‘சவுக்கடி’, ‘விடை தெரியாத மர்மம்’ என்று போய், கடைசியில் வேற்றுக்கிரகவாசிகளையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு முடிந்துவிட்டது. நான் முப்பத்தோரு வருடம் பாலம், கால்வாய், தடுப்பணை என்று சைட் சைட்டாகப் போய் மஸ்டர் ரோலும் (ஆள் வருகைப் பதிவு) லோடு கணக்கும் எழுதியவன். எந்தப் பெரிய வேலையைப் பார்த்தாலும் இத்தனை பேருக்கு யார் சோறு போட்டது, எத்தனை லோடு இறங்கியது என்று யார் எழுதியது என்றுதான் முதலில் தோன்றும். பிரமிடு விஷயத்தில் அந்தக் கணக்கு கையில் கிடைத்தே விட்டது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலேயின் குழு ஒரு பழைய துறைமுகத்தைத் தோண்டியது. அங்கே படகுகளைப் பிரித்து உள்ளே வைப்பதற்காகப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் குடைவுகளின் வாசலை அடைத்த பெரிய கற்களின் இடுக்கில் பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை இவைதான். சுமார் 4,500 வருடத்துப் பழசு. அதில் ஒன்று மெரர் என்பவரின் தினக்குறிப்பு. அவருக்குக் கீழே நாற்பது பேர் போல ஒரு படகுக் குழு. பதவியை ‘இன்ஸ்பெக்டர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த மேஸ்திரி என்று வைத்துக்கொண்டால் நமக்குச் சுலபமாகப் புரியும்.

பெரிய பிரமிடைக் கட்டுவித்த மன்னர் கூஃபுவின் ஆட்சி முடிகிற காலம் அது. பெரிய பிரமிடின் வெளிப்புறத்தில் பதிக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைல் நதியின் கிழக்குக் கரையில் துரா என்ற குவாரியிலிருந்து வர வேண்டும். மெரரின் குழு அதைப் படகில் ஏற்றி, எதிர்க் கரையில், பிரமிடு எழும் கிஸாவில் கொண்டுபோய் இறக்கும். குறிப்பு எப்படி இருக்கிறது தெரியுமா? இன்று பகல் முழுதும் குழுவோடு தெற்குத் துராவில் கல் இழுத்தோம், இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் கல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம், இரவு ‘கூஃபுவின் ஏரி’யில் தங்கினோம். அடுத்த நாள் ‘கூஃபுவின் அடிவானம்’ போய்ச் சேர்ந்தோம், இரவு அங்கே. அதற்கு மறுநாள் காலையில் கிளம்பி மறுபடி துரா. அவ்வளவுதான், பக்கம் பக்கமாக இதேதான். அந்த ‘அடிவானம்’ என்பது பெரிய பிரமிடின் பெயர். உலக அதிசயத்துக்குக் கல் கொண்டுபோகிறவர் அதன் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வியந்து எழுதவில்லை. எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம், எங்கே படுத்தோம், முடிந்தது. எங்கள் டிரிப் ஷீட்டும் அப்படித்தான் இருக்கும். அதனாலேயே இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

பத்து நாளில் இரண்டு மூன்று டிரிப் அடித்திருக்கிறார்கள். மாதத்துக்குச் சுமார் 200 கல் போயிருக்கலாம் என்பது தாலேயின் கணக்கு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டன். இந்த வேலை ஜூலை முதல் நவம்பர் வரை, அதாவது நைலில் வெள்ளம் வரும் பருவத்தில் நடந்திருக்கிறது. அதில்தான் சூட்சுமம். வெள்ளக் காலத்தில் வாய்க்கால் வெட்டி விட்டால் தண்ணீர் பீடபூமியின் அடிவாரம் வரைக்கும் ஏறிவிடும். கல்லை வண்டியில் இழுக்க வேண்டிய தூரம் குறைந்துவிடும். வடக்கே ஓடும் நைலில் துரா மேலே, கிஸா கீழே. பாரம் ஏற்றிய படகை ஆற்றின் ஓட்டமே கொண்டுபோகும். எகிப்தில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிப்பதால் திரும்பி வரும் காலிப் படகுக்குப் பாய் விரித்தால் போதும். லோடு இறக்கம், காலி ஏற்றம். எந்த லாரிக்காரரும் இதற்கு மேல் கேட்க மாட்டார்.

வழியில் ஒரு செக்போஸ்ட்டும் உண்டு. கூஃபுவின் ஏரி முகத்துவாரத்துக்குப் பொறுப்பாளர் என்று அங்க்ஹாஃப் என்பவரின் பெயரை மெரர் எழுதுகிறார். இவர் கூஃபுவின் சகோதரர் முறை, வேறு தாய்க்குப் பிறந்தவர். இவருடைய மார்பளவுச் சிலை இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகன்ற நெற்றி, கண்ணுக்குக் கீழே சதை தொங்கும் களைத்த முகம். எத்தனையோ சீஃப் இன்ஜினியர்களிடம் நான் பார்த்த முகம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த வரி வேறு. ஒரு சமயம் இத்ஜெரு என்ற ஆளைப் படகில் ஹீலியோபோலிஸ் நகரத்துக்கு அனுப்புகிறார்கள், சாப்பாட்டுக்குத் தானியம் எடுத்து வர. மற்றவர்கள் துராவில் கல் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் நாற்பது மூட்டையோடு திரும்பி வருகிறார். இதை எழுதிவைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்பது சைட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பாலம் சைட்டில் ஒருநாள் சாப்பாட்டு வண்டி பஞ்சராகி இரண்டு மணி நேரம் தாமதம். கான்கிரீட் கலவை தயார், ஆள் தயார், ஆனால் யாரும் சட்டியைத் தொடவில்லை. காண்ட்ராக்டர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சாம்பார் வாளி வந்து இறங்கிய பிறகுதான் மிக்சர் சுற்றியது. அன்றைக்கு ரிஜிஸ்டரில் நான் சிவப்பு மையில் எழுதியது ‘உணவு தாமதம், 2 மணி’.

கிஸாவிலேயே இந்தச் சாப்பாட்டு ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பதை தொல்லியல் ஆய்வாளர் மார்க் லேனரின் குழு தோண்டிக் காட்டியிருக்கிறது. பிரமிடுகளுக்குத் தெற்கே, ‘காக்கைச் சுவர்’ என்று அழைக்கப்படும் பெரிய மதிலுக்கு அப்பால், ஒரு ஊரே மண்ணுக்குள் இருந்தது. நீளநீளமான கொட்டகைகள், தெருக்கள், ரொட்டி சுடும் கூடங்கள். மணியைக் கவிழ்த்தது போன்ற தடித்த மண் அச்சுகளைச் சூடாக்கி, மாவை ஊற்றி, மூடி, தணலில் புதைத்து வேகவைத்திருக்கிறார்கள். மாடு, ஆடு, மீன் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கூலியும் பெரும்பாலும் ரொட்டியும் பீரும்தான். குழுக்களுக்குப் பெயர் வேறு: ‘கூஃபுவின் நண்பர்கள்’, ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’ (மென்கௌரே பிந்தைய மன்னர்) என்றெல்லாம் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பெயரை வைத்த குழு மேஸ்திரியோடு ஒரு டீ குடிக்க ஆசை.

சரி, ‘இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல், நடக்கிற காரியமா?’ என்று கட்டுரை கேட்கிறதே, அதற்கு வருகிறேன். 23 லட்சம் கல், இருபது வருடம், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வகுத்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கற்கள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே வாசல் வழியாக ஏறின என்று யார் சொன்னது? பிரமிடின் வடிவத்தைப் பாருங்கள். மொத்தக் கல்லில் 70 சதவீதம் உயரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கட்டும்போது 146 மீட்டர் இருந்ததில் முதல் 49 மீட்டர் வரை. பாதி உயரத்துக்கு மேலே இருப்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான். கீழே இடம் விசாலமாக இருக்கும்போது நாலு பக்கமும் ஆளை இறக்கி ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடத்தலாம். அப்புறம், இந்தக் கல்லில் பெரும்பகுதி ஆற்றைத் தாண்டி வரவே இல்லை. பிரமிடுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் குவாரியிலிருந்து வெட்டியது. படகு ஏறியது துராவின் வெள்ளைக்கல்லும், சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி அஸ்வானிலிருந்து வந்த கருங்கல்லும்தான்.

இழுத்த விதத்துக்கும் படம் இருக்கிறது. ஜெஹூதிஹோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில், பிரமிடுக்குச் சுமார் எழுநூறு வருடம் பிந்தியது, ஒரு பெரிய சிலையை மரச் சறுக்குவண்டியில் வைத்து 172 பேர் இழுக்கிறார்கள். வண்டியின் முகப்பில் ஒருவர் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்தபோது, சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைவது தெரிந்தது. கடற்கரையில் ஈர மணலில் சைக்கிள் ஓட்டிய பையனைக் கேட்டிருந்தால் 2014க்கு முன்பே சொல்லியிருப்பான்.

அடிமைகள் என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை. லட்சம் பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று என்று எழுதியவர் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அவர் எகிப்துக்குப் போனது பிரமிடு கட்டி இரண்டாயிரம் வருடம் கழித்து. இன்றைய ஆய்வாளர்கள் இருபது முப்பதாயிரம் பேர் என்கிறார்கள். 1990இல் கிஸாவில் ஒரு குதிரை மண்சுவர் ஒன்றில் கால் இடறியதால் தொழிலாளர்களின் இடுகாடு வெளிப்பட்டது. மன்னரின் பிரமிடு தெரியும் தூரத்திலேயே அவர்களைப் புதைத்திருக்கிறார்கள். முறிந்த கை எலும்பைக் கட்டை வைத்துக் கட்டி நேராகக் கூடவிட்டிருக்கிறார்கள். கால் வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தவர் உண்டு. அதே எலும்புகளில் முதுகும் முட்டியும் தேய்ந்து கிடக்கின்றன. அடிமை இல்லை என்பதற்காக எல்லோரும் ஆசைப்பட்டு வந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கம் முறை வைத்துக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். ஆனால் கை ஒடிந்தால் கட்டுப்போட ஆள் இருந்தது. நான் பார்த்த சில சைட்டுகளில் அதுகூட இருந்ததில்லை.

வாடி அல்-ஜர்ஃப் துண்டுகளில் மெரரின் குறிப்போடு சரக்குக் கணக்கும் இருக்கிறது. வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று கட்டம் போட்டு, கறுப்பு மையும் சிவப்பு மையுமாக எழுதியது. 2016இல் இவற்றைக் கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அடுத்த முறை பிரமிடு பற்றி எழுதினால், ஒட்டகத்தோடு நிற்கும் அந்த வழக்கமான படத்துக்குப் பதிலாக இந்தப் பாக்கிக் கட்டத்தின் படத்தைப் போடுங்கள். கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். எனக்குக் கண் முன்போல் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைட் சூப்பர்வைசர் ஒருவர்,
கரூர்.