"அவருக்குப் பின்" தாயா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'பெற்றோரில் ஒருவர் வங்கிக்குப் போனால் போதும்' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. போன மாதம் என் மகள் போனாள். போதவில்லை.

பேத்திக்கு எட்டு வயது. உண்டியலை உடைத்து எண்ணியதில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதை அவள் பெயரிலேயே போட்டுவைக்கலாம் என்று இருவரும் வங்கிக்குப் போனார்கள். மகள் மூன்று வருடமாகக் கணவரைப் பிரிந்து என்னோடு இருக்கிறாள். பள்ளிக் கட்டணம், காய்ச்சல், ராத்திரி முழிப்பு எல்லாம் அவள் பொறுப்புதான். கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா கையெழுத்து இல்லையேம்மா, அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றாராம். தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் பேத்தி என்னிடம் கேட்டாள்: "அம்மா கையெழுத்து செல்லாதா பாட்டி?"

செல்லும். தாயைக் கார்டியனாக, அதாவது காப்பாளராக வைத்து மைனர் பெயரில் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1976-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் மைனர் கணக்கு விதிகளைத் திருத்தி வெளியிட்டபோதும் அதையே மறுபடி சொல்லியிருக்கிறது. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக இருக்கும் விதி இன்னும் கவுன்டர் வரைக்கும் வந்து சேரவில்லை.

அந்த ஊழியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் 31 வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள். மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்துப் போட்டு வந்த பிள்ளைகளை, "அப்பாகிட்ட வாங்கிட்டு வா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்று வேதனையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் எங்களோடு தொடங்கியதில்லை. சட்டத்திலேயே இருக்கிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6. பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் (நீதிமன்றம் நியமிக்காமலே அந்தப் பொறுப்பு உள்ளவர்) "தந்தை, அவருக்குப் பின் தாய்" என்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது வளர்ப்பது தாய், கையெழுத்து தந்தையுடையது. இன்னொன்றும் இருக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாய்தான் முதல் காப்பாளர், அவளுக்குப் பிறகுதான் தந்தை. தாலி கட்டிக்கொண்டு பெற்றால் மட்டும் அவள் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறாள். இதற்கு என்ன நியாயம் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை.

கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாய் கையெழுத்திடுவதற்குக் கணவருக்கும் சம்மதம்தான். அப்படியும் தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் அர்த்தமில்லை. அவர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, வெகு தொலைவில் இருந்தாலோ, இருவரும் பேசி ஒப்புக்கொண்டாலோ, தந்தை இருக்கும்போதே தாய் காப்பாளர் ஆகலாம் என்றது நீதிமன்றம்.

என் மகளைப் போன்றவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் அந்தச் சொல் சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. தந்தை 'இல்லை' என்று ஒவ்வொரு கவுன்டரிலும் தாய்தான் விளக்க வேண்டியிருக்கிறது. பிரிந்த கதையை முன்பின் தெரியாத ஒருவரிடம், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழச் சொல்ல வேண்டும். கணவரோடு சேர்ந்து வாழும் பெண்களுக்கோ இந்தத் தீர்ப்பால் அவ்வளவாகப் பயனில்லை. அவர்கள் வீட்டில் தந்தை இருக்கிறாரே, அதனால் அவர்தான் முதல்.

தாய், தந்தை இருவரையும் ஒரே நேரத்தில் சமமான காப்பாளர்களாக ஆக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 1989-லும் 2015-லும் பரிந்துரைத்தது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. நம் தொகுதி எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேட்டால் கட்சி பேதமில்லாமல் எல்லா வீட்டுப் பெண்களும் வாழ்த்துவார்கள்.

சட்டம் மாறும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரிசர்வ் வங்கியின் 2025 சுற்றறிக்கையில் தாயைக் குறித்து வரும் பத்தியை நல்ல தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மகள் இரண்டாம் முறை போனபோது ஆங்கிலப் பிரதியை அச்செடுத்துக்கொண்டு போனாள். மேலாளர் படித்துப் பார்த்தார், அன்றைக்கே கணக்குத் தொடங்கினார்கள். ஆங்கிலம் படிக்காத அம்மாக்கள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
கும்பகோணம்