கேங்ரீனில் பச்சை இல்லை

ஆசிரியருக்கு,

சதை செத்துப்போகும் நோய்க்கு, அந்தச் சதை பச்சையாக மாறுவதால்தான் 'கேங்ரீன்' என்று பெயர் வந்தது என சென்ற வார மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். கடைசியில் 'கிரீன்' மாதிரி ஒலிப்பதால் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கும் பச்சைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிரேக்கத்தில் 'காங்ரைனா' என்றால் அரித்துத் தின்னும் புண். லத்தீன் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. பழைய தமிழ் பைபிளில், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் 'அரிபிளவையைப்போலப் படரும்' என்று வரும். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இதே காங்ரைனாதான். அரிபிளவை! எவ்வளவு கச்சிதமான சொல்.

பெயர்க் கதை தப்பானால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பெரியவர் ஒருவர், புண்ணுக்குத் தூவ பவுடர் கேட்டு வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி கறுத்துச் சுருங்கியிருந்தது. "சீழ் இல்ல, நாத்தம் இல்ல, வலிகூட இல்ல தம்பி. தானா உதுந்துடும்" என்றார். பல வருஷமாகச் சர்க்கரை. நரம்பு மரத்துப் போனவருக்கு வலி எங்கிருந்து தெரியும்? பவுடர் தராமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன்.

ரத்த ஓட்டம் அடைபட்ட சதை இப்படித்தான் காய்ந்து கறுக்கும். கிருமியும் சேர்ந்துகொண்டால் வீங்கும், நாறும், பச்சையோ பழுப்போ தட்டும். அப்புறம் அது மளமளவென்று மேலேறும். கிளாஸ்ட்ரிடியம் கிருமியால் வரும் கேஸ் கேங்ரீனில் தோலை அழுத்தினாலே உள்ளே காற்று நொறுநொறுக்கும். முதல் உலகப் போரில் சேற்று மண் புகுந்த காயங்களோடு கிடந்த சிப்பாய்களை வாரிக்கொண்டு போனது அதுதான். எங்கள் பக்கத்தில் அதிகம் பார்ப்பது சர்க்கரைக்காரர்களின் கறுத்த விரல். பச்சை தெரியட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால், விரலோடு போக வேண்டியது முழங்கால் வரை போய்விடும்.

திருத்தம் போடும்போது, கட்டுரையோடு நீங்கள் போட்ட பச்சைப் படத்துக்குப் பதில் கறுத்த விரலின் படம் ஒன்றைப் பெரிதாகப் போடுங்கள். வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21