குழந்தைகள் ரத்தப் புற்றுநோய் ஆய்வு நிதி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். எல்லோரும் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர். அரசு மருத்துவமனை வார்டில் ஊசிக்குக் காத்திருந்த நேரத்தில் பழகியவர்கள். "கவுண்ட் எவ்வளவு?" என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. கவுண்ட் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. வெள்ளையணுக்கள் இறங்கினால் மாத்திரையை நிறுத்துவார்கள், ஏறினால் மறுபடி தொடங்குவார்கள். இப்படியே இரண்டு, இரண்டரை வருடம் போகும்.

அந்த மாத்திரையின் பெயர் 6-மெர்காப்டோபியூரின். ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று அதைத் தாங்கிக்கொள்கிறது. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு வாயெல்லாம் புண், காய்ச்சல். மேலை நாட்டு மருத்துவர்கள் இதற்குக் காரணமாக டிபிஎம்டி என்ற மரபணுவில் உள்ள குறையைக் கண்டிருந்தார்கள். ஆசியக் குழந்தைகள் பலரிடம் அதில் குறை எதுவும் இல்லை, ஆனாலும் கவுண்ட் சரிந்தது. என்யூடிடி15 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றமும் காரணம் என்பது 2014, 2015-இல்தான் தெரியவந்தது. ஐரோப்பியர்களிடம் அரிதான அந்த மாற்றம் இந்தியக் குழந்தைகளிடமும் காணப்படுகிறது. அது இருக்கும் பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே அளவைக் குறைத்துக் கொடுக்கலாம்.

நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு மாத்திரை தொடங்கும் முன்பே இந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று சோதனை செய்து, சிகிச்சை முடியும்வரை ஒவ்வொருவரின் அளவையும் கவுண்டையும் பதிந்துவர எங்கள் மருத்துவர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. ஆய்வகத்தில் இடமும் கிடைத்திருக்கிறது. பணம்தான் இல்லை. காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கொடுக்கிறது, ஆய்வுக்கு அதில் இடமில்லை. மாத்திரையோ 1953-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மலிவான மருந்து. அதை ஆராய்ந்து எந்த கம்பெனிக்கும் லாபம் வரப்போவதில்லை. பிள்ளைகளின் நோயை ஆராய்வதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. மனு கொடுத்திருக்கிறோம், தொடர்ந்து கேட்போம். அதுவரை காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பதிந்து வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்டார்கள். 1984-இல் தொடங்கிய எம்சிபி-841 என்ற சிகிச்சை முறையைச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் கடைப்பிடித்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறையில் சிகிச்சை, கூடவே நல்ல பராமரிப்பு, விடாமல் கணக்கு. நோய் திரும்பாமல் நான்கு ஆண்டு கடந்தவர்கள் முன்பு 100-க்கு 20 பேர்கூட இல்லை. பிறகு அது 45 முதல் 60 வரை உயர்ந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஓடி விளையாடுவதற்கு அந்தப் பதிவேடுகளும் ஒரு காரணம்.

எங்கள் பிள்ளைகளுக்கு முதுகில் போடும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து ஊசிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. அதற்கு முன்னோடியான அமினோப்டெரின், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கியது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர். 1948-இல் அவருடைய நோயாளியான ஒரு சிறுவனை வானொலியில் பேசவைத்து, குழந்தைகளின் புற்றுநோய் ஆய்வுக்காக 20,000 டாலர் கேட்டார்கள். சாதாரண மக்கள் அனுப்பியது 2,31,000 டாலருக்கு மேல்.

எங்களுக்குத் தேவை 14 லட்சம் ரூபாய்: மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டி, சோதனைக்கான ரசாயனப் பொருட்கள், பதிவு செய்பவருக்கு இரண்டரை வருடச் சம்பளம். இதுவரை 3 லட்சத்து 20 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வார்டுக்கு வந்துபோன குடும்பங்கள் கொடுத்தது.

நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம், ரசீது இல்லாமல் வாங்க மாட்டோம். பணம் மூவர் கையெழுத்திடும் கூட்டுக் கணக்கில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும், யாரும் வந்து கேட்கலாம். பிள்ளைகளின் படத்தைக் காட்டிப் பணம் கேட்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். அதனால் இந்த வேண்டுகோளில் படம் இல்லை.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்