கையில வாங்காத காசும் கணக்குல சேரும், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு, அம்மா எழுதிக்கறது. இங்க எல்லாரும் சொகம். உங்கப்பாவுக்குச் சக்கரை கட்டுக்குள்ள இருக்குது. கெணத்துச் சோலி அப்படியேதான் கெடக்குது, உங்க சின்ன மாமன் இன்னும் பேச வரலை. அதெல்லாம் அப்புறம்.

போன ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை போன்ல, சைல்ட் பெனிஃபிட், அதான் இங்கிலாந்து அரசாங்கம் கொழந்தைகளுக்குன்னு குடுக்கற பணம், அது சம்பந்தமா வரி ஆபீசுலிருந்து கடுதாசி வந்திருக்குதுன்னு ஆரம்பிச்சாரு. நீ வெடுக்குனு போனை வாங்கி, "சோறு உண்டாச்சாம்மா"ன்னே. அப்புறம் அவரு சத்தமே கேக்கலை. நான் ஒண்ணும் கேக்கலை, கேக்கவும் போறதில்லை. கணக்கை மட்டும் எழுதறேன். அந்த ஊரு அரசாங்கத்தோட பக்கங்களை அச்செடுத்து, பென்சில்ல கோடு போட்டுப் படிச்சுட்டுத்தான் எழுதறேன்.

கம்பெனி காரைக் கணக்குல காட்டினியான்னு தையில ஒருநாள் கேட்டதுக்கு, "காரு என்ன கையில வாங்கற காசாம்மா"ன்னே. அங்கதான் தப்பு. சம்பளச் சீட்டுல கடைசி வரியில நிக்கற தொகைக்கு அவங்க வரம்பு வெக்கலை. அட்ஜஸ்டெட் நெட் இன்கம்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. சம்பளம், கம்பெனி காரு, கம்பெனி கட்டற மருத்துவக் காப்பீடு, பேங்க் வட்டி, வாடகை எல்லாம் அதுல சேரும். அது 60,000 பவுண்டைத் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் வாங்கின பெனிஃபிட்டுல நூத்துக்கு ஒண்ணு வரியாத் திருப்பிக் கட்டோணும். 80,000-ல மொத்தமும் போயிரும். 2013-ல ஆரம்பிச்சப்ப வரம்பு 50,000. 2024 ஏப்ரல்ல ஒசத்தினாங்க. பழைய வருசத்துக்குக் கேட்டிருந்தா பழைய வரம்புதான்.

புருசன் பொஞ்சாதி வருமானத்தைக் கூட்டிப் பாக்கறதில்லை. ரெண்டு பேர்ல யாருக்கு எச்சோ அவங்க தலையிலதான் விழுகும். பணம் மாப்பிள்ளை கணக்குக்குப் போகுது, பாக்கி உன் பேர்ல நிக்குது. ஒருத்தர் வருமானம் இன்னொருத்தருக்குத் தெரியாம இந்தக் கணக்கை முடிக்கவே முடியாது சாமி.

மொதல்ல பி-சிக்ஸ்டி எடு, வருசச் சம்பளமும் புடிச்ச வரியும் இருக்கற தாளு. அப்புறம் பி-லெவன்-டி, சம்பளம் போகக் கம்பெனி குடுத்த சலுகைகளோட பட்டியல். கம்பெனி அதை ஜூலை 6-க்குள்ள குடுத்தாகோணும். எஃப் பிரிவுல காரு, எச் பிரிவுல கம்பெனி குடுத்த கடன், ஐ பிரிவுல மருத்துவக் காப்பீடு. அந்தத் தொகைகளைச் சம்பளத்தோட கூட்டு. ஆனா சில கம்பெனிக மாசாமாசம் சம்பளத்துலயே இதுகளுக்கு வரி புடிச்சுருவாங்க; அப்ப பி-சிக்ஸ்டியிலயே அது சேந்திருக்கும், மறுக்கா கூட்டுனா ரெண்டு தடவை ஆயிரும். சம்பளச் சீட்டைப் பாத்தாத் தெரியும், இல்லீனா கம்பெனி சம்பளப் பிரிவுல கேளு.

காருக்கு மதிப்பு எப்படிப் போடறாங்கன்னு நீ பாத்திருக்க மாட்டே. கம்பெனி மாசம் என்ன கட்டுதுங்கறது அதுல இல்லை. அந்தக் காரு புதுசா இருந்தப்ப என்ன பட்டியல் வெலையோ அதுல ஒரு சதவீதம். கம்பெனி தள்ளுபடியில வாங்கியிருந்தாலும் பட்டியல் வெலைதான். கரண்டு வண்டின்னா 2025-26 வருசத்துக்கு 3 சதவீதம், எச்சாப் பொகை விடற பெட்ரோல் வண்டின்னா 37 வரைக்கும் போகும். 40,000 பவுண்டு வண்டிக்கு ஒரு பக்கம் 1,200, இன்னொரு பக்கம் 14,800. உன்னுது எதுன்னு எனக்குத் தெரியலை, போட்டோவுல நீல நெறம்னு மட்டுந்தான் தெரியுது.

சேராததும் இருக்குது: கம்பெனி குடுத்த ஒரு செல்போன், எல்லாருக்கும் பொதுவான கேண்டீன் சாப்பாடு, ஆபீசுல வண்டி நிறுத்தற எடம், பென்சனுக்குக் கம்பெனி தன் பங்காக் கட்டறது.

ஒரு பேச்சுக்கு, சம்பளம் 58,400, காரு 6,000, காப்பீடு 1,600 வெச்சுக்க. மொத்தம் 66,000. சம்பளத்தை மட்டும் பாத்தா வரம்புக்குள்ள. கூட்டினா 6,000 எச்சு. இருநூறால வகுத்தா 30. ரெண்டு கொழந்தைக்கு 2025-26-ல வாரம் 26.05-ம் 17.25-ம், வருசத்துக்கு 2,251 சொச்சம். அதுல 30 சதவீதம், 675 பவுண்டு கட்டோணும். நீயா ஒரு பென்சன்ல 2,400 போட்டா, வரிச் சலுகையோட 3,000-னு கழிப்பாங்க. அப்ப 63,000, கட்டவேண்டியது 337-தான். ஆனா சம்பளத்துலயே வரிக்கு முந்திப் புடிக்கற பென்சன் பி-சிக்ஸ்டியில ஏற்கெனவே கழிஞ்சிருக்கும், அதை மறுபடி கழிச்சுப்போடாதே.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் புள்ளைக யாருமே நெனைக்கறதில்லை. உடுமலைத் தோப்புக் குத்தகையும் கடை வாடகைப் பங்கும். விவசாய வருமானத்துக்கு இந்தியாவுல வரி இல்லை, வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க பேங்க்ல வெக்கற என்ஆர்இ கணக்கு வட்டிக்கும் இங்க இல்லை. ஆனா அங்க வருசக்கணக்காக் குடியிருக்கறவங்களுக்கு அது ரெண்டும் வருமானம். வாடகை, குத்தகை எல்லாஞ் சேந்து 1,000 பவுண்டுக்குள்ளன்னா விட்டுருவாங்க. உன் பங்கு அதைத் தாண்டுது. அவங்க வருசம் ஏப்ரல் 6-ல ஆரம்பிக்குது, நம்முளுது 1-ல. தேதி பாத்துப் பிரிச்சுக்க.

பக்கத்து வீட்டுக்காரங்க காரைக் காட்டவே இல்லைன்னு சொன்னியே, அவங்க வாங்கறது யுனிவர்சல் கிரெடிட், வருமானம் கொறஞ்சவங்களுக்குக் குடுக்கற உதவி. அதுல காரு, காப்பீடெல்லாம் சம்பளத்துல சேராதுங்கறது நெசந்தான். அது வேற உதவி, வேற சட்டம். அவங்களைப் பாத்து நீ இருந்துபோடாதே.

பெனிஃபிட்டே வேண்டாம்னு மாப்பிள்ளை கோவத்துல எழுதிக் குடுத்துரப் போறாரு. பணம் வேண்டாம்னு மட்டும் நிறுத்தலாம், பதிவு நிக்கட்டும். சின்னதைப் பாத்துக்கிட்டு ஊட்டுல இருக்கறவரு அவருதான். கொழந்தைக்கு 12 வயசு ஆகற வரைக்கும் அந்தப் பதிவுதான் அவரோட அரசாங்கப் பென்சனுக்கு வருசத்தைச் சேக்கும்.

வரி வருசம் முடிஞ்சு அக்டோபர் 5-க்குள்ள வரி ஆபீசுல பதிஞ்சு, ஜனவரி 31-க்குள்ள கட்டோணும். சம்பளத்துலயே புடிச்சுக்கச் சொல்ற வழியும் 2025-ல வந்திருச்சு. நாமளா முந்திச் சொன்னா, தெரியாம விட்டதுக்கு, ஒரு வருசத்துக்குள்ளன்னா அபராதமே இல்லாமலும் போகும். அவங்க கேட்டப்புறம் 10-லிருந்து 30 சதவீதம். மறைச்சது தெரிஞ்சா நூறு வரைக்கும். கடுதாசி வந்திருச்சுன்னா இனி நாளைக் கடத்தாதே. பி-லெவன்-டியை எடு கண்ணு.

நம்ம ஊட்டுல மொத மொத ஏரோப்ளேன் ஏறினவ நீ. உன்னைச் சொல்லித்தான் எனக்கு ஊருக்குள்ள தலை நிமிருது. அதனாலதான் ராத்திரி தூக்கம் வரலை.

நீ சொன்ன அந்தப் பேச்சு என்னுது. உன் காலேஜ் உதவித்தொகைக்கு வருமானச் சான்று எழுதினப்ப, மில்லு குடுத்த ஊடு, கரண்டு, மாசம் ஒரு மூட்டை அரிசி எதையும் நான் காட்டலை. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதினேன். "ஊட்டை எழுதலையாம்மா"ன்னு பக்கத்துல நின்னு கேட்டே. "அதென்ன கையில வாங்கற காசா"ன்னேன். மில்லுல அத்தனை பேருக்கும் அதுக்கு மதிப்புப் போட்டுக் கணக்கெழுதினவ நான். தெரியாமச் செய்யலை. அந்த வருசம் அதே உதவிக்கு எழுதிப்போட்டுக் கெடைக்காத புள்ளை ஒண்ணு எங்கயோ இருந்திருக்கும். உங்கப்பாகிட்டக்கூட இதைச் சொன்னதில்லை. நேத்துத்தான் சொன்னேன்.

குத்தகைச் சீட்டு நகலும், மூணு வருசத்துக்கு எந்தத் தேதியில எவ்வளவு வந்துதுன்னு எழுதின தாளும் இதோட வெச்சிருக்கறேன். ரெண்டு நகல் இருக்குது. ஒண்ணு மாப்பிள்ளைக்கு.

அம்மா