விளையாட விடாதவருக்கு முதல் நன்றி

பீனியா, பெங்களூரு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் மைதானத்தில் முதல் கபடி ஆட்டம். பணம் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் நோட்டீசில் வந்தாயிற்று. பெயர் போடவே கூடாது என்று கறாராகச் சொன்னவர்களுக்காக இந்த மடல்.

முதலில் தண்ணீர் சோதனைக்கூட அக்கா. உங்களை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. இந்த இடத்துல இருந்த குரோமிய முலாம் பூசுற பிளேட்டிங் பட்டறை மூடியாச்சு, ஷெட்டையும் பிரிச்சாச்சு, ரெண்டு லோடு செம்மண் அடிச்சா ஆடிடலாம் என்று துடித்துக்கொண்டிருந்தோம். நீங்களோ தொட்டி இருந்த மூலையில் தேங்கிய மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனீர்கள். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, கண்ணாடிக் குழாயில் சோதனை மருந்தைச் சொட்டாக விட்டுக் காட்டினீர்கள். நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாகிவிட்டது. "குரோமியம் சிக்ஸ், குரோமியத்துலயே விஷமான வகை. குடிக்கிற தண்ணியில மொத்த குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது. இது வெறும் கண்ணுக்கே தெரியுது. முட்டி தேயாம கபடி ஆடுவீங்களாடா?"

அந்தக் கேள்வி எனக்குத்தான் அதிகம் உறைத்தது. என் அப்பா இப்படிப்பட்ட தொட்டிகளின் மேல் குனிந்து குனிந்தே எங்களை வளர்த்தவர். விரலிடுக்கில் குண்டூசித் தலை அளவுக்குக் குழித் தழும்புகள், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. கேட்டால் "வேலைன்னா அப்படித்தான்" என்பார்.

அப்போதும் செம்மண் யோசனையை விடாத எங்களை அடக்கியது ராணிப்பேட்டை மாமா. அவர் ஊர் சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். "மேல மண்ணைப் போட்டு மூடினா, மழை பேஞ்சு காய்ஞ்சதும் மஞ்சளா பூத்து வரும்டா" என்றார். பார்த்தவர் பேச்சு.

ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஐயா அன்னபேதி என்றதும் நாங்கள் சிரித்துவிட்டோம், மன்னிக்கணும். பாட்டி இரத்தசோகைக்குச் சாப்பிட்ட செந்தூரத்துக்கான சரக்கு அல்லவா அது! அந்த இரும்பு உப்புக் கரைசல் பட்டால் விஷமான 'குரோமியம் ஆறு', அவ்வளவு விஷமில்லாத 'குரோமியம் மூன்று' ஆக மாறும், கூடவே சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாமல் மண்ணிலேயே படிந்துவிடும் என்று சிமெண்டுத் தரையில் கரியால் எழுதிக் காட்டினீர்கள். பிறகு நீங்களே முழங்கால் பூட்சு போட்டு இறங்கினீர்கள், அந்த வயதில்.

தொட்டிக்கு நேர் கீழே இருந்த மண் மட்டும் எதற்கும் மசியவில்லை. அதைத் தோண்டி, துமகூரு ரோட்டில் தாபஸ்பேட்டை அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பினோம். கழிவு சரியான இடத்துக்குத்தான் போகிறது என்பதற்குச் சாட்சியான வண்ணப் படிவங்களைக் கசங்காமல் வைத்திருந்து எங்கள் நகலைத் திருப்பித் தந்த லாரி டிரைவர் அண்ணா, உங்களுக்குப் பெரிய கும்பிடு. பாதி வாடகைக்கு ஏரிக்கரையில் தட்டிவிடுகிறேன் என்று வந்த இன்னொருவருக்குக் கிடையாது. (பொருளாளரான நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எதிர்வீட்டு அஜ்ஜி, வேலை நடந்த நாளெல்லாம் கைகால் கழுவ உங்கள் வீட்டுக் காவிரித் தண்ணீர்தான். எங்கள் கன்னடத்தையும் பொறுத்துக்கொண்டீர்கள். அனுமதி வேலைகளுக்கு அலைந்த தம்பிகளுக்கும் நன்றி.

பிள்ளைகளுக்கு ஒன்று. மண்தான் சரியாகியிருக்கிறது, நிலத்தடி நீர் இன்னும் இல்லை. போர்வெல் மூடியை வெல்டு வைத்து அடைத்திருக்கிறோம், யாரும் கைவைக்க வேண்டாம். குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.

சோதனைக்கூட அக்கா, ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்வரிசை நாற்காலி உங்களுக்கு. எப்படியும் பையில் பாட்டிலோடுதான் வருவீர்கள். மண் எடுப்பதென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள், கோடு அழியாமல்.

இப்படிக்கு,
கபடிக் குழுப் பொருளாளர்